அமைதியான நதி, ஆள் குறையும் மலை

போர்ச்சுக்கல் நாட்டின் போர்ட்டோ நகரிலிருந்து டூரோ நதி வழியே கிழக்கு நோக்கிச் செல்லும் பயணக் கப்பல்கள், சுமார் 210 கிலோமீட்டர் கடந்து ஸ்பெயின் எல்லையிலுள்ள பார்கா டால்வா என்னும் சிற்றூரை அடைகின்றன. ஓர் அறுவடைக் காலத்தில் அவ்வாறான கப்பல் ஒன்றில் சில நாள்கள் பயணம் செய்தேன். மேல்தளத்தில் அமர்ந்தால் இருபுறமும் செங்குத்தான மலைச்சரிவுகள். அச்சரிவுகளில் அடிவாரம் முதல் உச்சிவரை படிப்படியாக அமைந்த திராட்சைத் தோட்டங்கள். கீழே அலையே இல்லாத பச்சை நிற நீர். உடன் வந்தவர்கள் இயற்கையின் எழில் என்று சொல்லிச் சொல்லி வியந்தனர். முதல் நாள் நானும் அப்படித்தான் எண்ணினேன்.

பயணம் முடிவதற்குள் அந்த எண்ணம் மாறிவிட்டது. அங்கே கண்ணில் பட்டவற்றுள் இயற்கை நேரடியாகத் தந்தது மிகச் சிறிதே. மலையின் வடிவம் மனித உழைப்பால் ஆனது. நதியின் அமைதி பொறியியலால் ஆனது. இவ்விரண்டையும் தாங்கி நிற்கும் மூன்றாவது தூண், இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன் இயற்றப்பட்ட ஒரு சட்டம். இம்மூன்றும் எப்படி உருவாயின, இன்று அவை யாருடைய தோளில் நிற்கின்றன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். மது அருந்துவது நன்றா தீதா என்னும் விவாதத்துக்குள் நான் நுழையவில்லை. ஓர் உழவுச் சமூகம் தன் நிலத்தை எவ்வாறு உருவாக்கியது, அதைக் காக்க முடியாமல் எவ்வாறு திணறுகிறது என்பதே இங்கு பேசுபொருள்.

முதலில் மலையைப் பார்ப்போம். போர்ட்டோவிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் கிழக்கே சென்றதும் நிலத்தின் தோற்றம் மாறுகிறது. அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து வரும் மழை மேகங்களை மராவ் மலைத்தொடர் தடுத்துவிடுவதால் அதற்கு அப்பாலுள்ள பகுதி வறண்டது. ஸ்பெயின் எல்லையை நெருங்க நெருங்க மழை மேலும் குறைகிறது. ஆண்டில் ஒன்பது மாதம் குளிர், மூன்று மாதம் நரகம் என்பது அவ்வட்டாரத்துப் பழமொழி. கடற்கரைப் பக்கத்துக் கருங்கல் மறைந்து, ஷிஸ்ட் எனப்படும் படலப்பாறை தொடங்குகிறது. ஏடு ஏடாகப் பிளக்கும் பாறை அது. அந்தப் பிளவுகளின் வழியே திராட்சைக் கொடியின் வேர் ஆழத்துக்கு இறங்கி ஈரத்தைத் தேடிக்கொள்கிறது.

ஆனால், அங்கே உழுவதற்கு மண் என்று ஒன்று இருக்கவில்லை. பாறையைக் கடப்பாரையால் உடைத்துப் பொடியாக்கி மண்ணை உண்டாக்கினார்கள். உடைத்த கற்களைச் சாந்து இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். சுவருக்குப் பின்னே பொடித்த பாறையை நிரப்பி, ஓரிரு வரிசைக் கொடிகள் நடும் அளவுக்கு ஒரு தளம் அமைத்தார்கள். அதன் மேல் இன்னொரு சுவர், இன்னொரு தளம். இவ்வாறே மலை முழுவதும் படிகளாயிற்று. இந்த வேலையைச் செய்தவர்களுள் பெரும் பகுதியினர் உள்ளூர் ஏழைகளும், ஸ்பெயினின் கலீசியாப் பகுதியிலிருந்து கூலிக்கு வந்தவர்களும் ஆவர். அவர்களின் பெயர்கள் எந்தப் புட்டியிலும் அச்சிடப்படுவதில்லை.

கப்பலிலிருந்தே இம்மலையின் வயதை ஓரளவு கணிக்கலாம். குறுகிய படிகளும் வளைந்து செல்லும் கற்சுவர்களும் தெரிந்தால் அவை பழையவை. சுவரின்றி, மண்கரையோடு அகலமான படிகள் தெரிந்தால் அவை 1970-களுக்குப் பின் மண்வாரி இயந்திரங்களால் வெட்டப்பட்டவை. படிகளே இல்லாமல் கொடி வரிசைகள் மேலிருந்து கீழாக நேராக இறங்கினால் அதுவும் பிற்கால முறையே. பழைய படிகளில் டிராக்டர் ஏறாது. அங்கே கவாத்து முதல் அறுவடை வரை கையால்தான் செய்ய வேண்டும். ஆகவே, பயணிகள் மிகவும் விரும்பிப் படம்பிடிக்கும் படிகளே உழவருக்கு மிகுந்த செலவு வைக்கும் படிகளாகவும் இருக்கின்றன.

இனி நதிக்கு வருவோம். இன்று கண்ணாடிபோல் கிடக்கும் டூரோ, ஐம்பது ஆண்டுகளுக்கு முன்வரை இப்படி இல்லை. பாறைகளுக்கிடையே சீறிப் பாயும் காட்டாறாகவே இருந்தது. மலையில் உருவான ஒயினைப் பீப்பாய்களில் ஏற்றிக் கடலோரத்துக்குக் கொண்டுவர, ரபேலோ என்னும் தட்டை அடிப்பாகம் கொண்ட மரப்படகைப் பயன்படுத்தினார்கள். ஒற்றைச் சதுரப் பாய், பின்புறம் மிக நீண்ட சுக்கான் துடுப்பு. கீழ்நோக்கி வரும்போது நீரின் வேகமே எமன். மேல்நோக்கிச் செல்லும்போது காற்று இல்லையெனில் கரையிலிருந்து மாடுகளும் மனிதர்களும் கயிறு கட்டி இழுக்க வேண்டும். எத்தனையோ படகோட்டிகள் இந்நதியில் மாண்டனர்.

வலேய்ரா என்னுமிடத்தில் நதியையே அடைத்து நின்ற பெரும்பாறை ஒன்று இருந்தது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதை வெடிவைத்துத் தகர்த்த பிறகே மேற்பகுதிக்குப் படகு செல்ல வழி பிறந்தது. அதன் பின்னும் அவ்விடம் ஆபத்தானதாகவே இருந்தது. 1861 மே மாதம் ஜோசஃப் ஜேம்ஸ் ஃபாரஸ்டர் என்ற ஆங்கிலேய ஒயின் வணிகர் அங்கே படகு கவிழ்ந்து மாண்டார். டூரோ நதியை அளந்து நுட்பமான வரைபடம் வெளியிட்டவர் அவர். நதியை அவரளவுக்கு அறிந்தவர் அன்று அரிது. அதே படகில் இருந்த டோனா அன்டோனியா ஃபெரேரா என்ற பெண் தோட்ட அதிபர் உயிர் பிழைத்தார். ஃபாரஸ்டரின் இடுப்பிலிருந்த பணப்பையின் கனம் அவரை ஆழத்துக்கு இழுத்தது என்றும், அன்டோனியாவின் அகன்ற பாவாடை அவரை மிதக்க வைத்தது என்றும் மக்கள் இன்றும் கதை சொல்கிறார்கள். கதை எப்படியிருந்தாலும், நதியின் கொடுமை உண்மை.

1887-இல் இரயில் பாதை ஸ்பெயின் எல்லைவரை எட்டியபோது ரபேலோ படகுகளின் தேவை குறையத் தொடங்கியது. 1960-களில் அவற்றின் வணிகப் பயணம் அடியோடு நின்றது. அதையடுத்து 1970-களின் தொடக்கம் முதல் 1985 வரை, போர்ச்சுக்கல் அரசு மின் உற்பத்திக்காக நதியின் குறுக்கே ஐந்து அணைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டி முடித்தது. கிரெஷ்டுமா, காரபதேலோ, ரேகுவா, வலேய்ரா, பொசீன்யோ என்பன அவை. ஒவ்வோர் அணையிலும் கப்பல் கடந்து செல்ல ஒரு நீர்ப்பூட்டு அமைக்கப்பட்டது. 1990-இல் எல்லைவரை நீர்வழி முழுமையாகத் திறக்கப்பட்டது. இன்றைய பயணக் கப்பல் தொழில் இவ்வாறு பிறந்ததே. மின்சாரத்துக்காகக் கட்டிய அணைகளின் துணைப் பயன் அது.

நீர்ப்பூட்டு இயங்கும் முறை எளிது. கப்பல் ஒரு குறுகிய கான்கிரீட் கூடத்துக்குள் நுழைகிறது. பின்கதவு மூடப்படுகிறது. மேலணையிலிருந்து நீர் உள்ளே விடப்படுகிறது. நீரோடு கப்பலும் உயர்கிறது. மேல்மட்டத்தை எட்டியதும் முன்கதவு திறக்கிறது. காரபதேலோவில் கப்பல் ஏறும் உயரம் சுமார் 35 மீட்டர். பத்து மாடிக் கட்டடத்தின் உயரம் அது. ஐரோப்பாவின் மிக உயரமான நீர்ப்பூட்டுகளுள் அதுவும் ஒன்று. ஈரச் சுவர்களுக்கு நடுவே, கை நீட்டினால் தொட்டுவிடும் இடைவெளியில் கப்பல் மேலெழும்போது பயணிகளிடையே பேச்சே இருக்காது. கூடங்களின் அளவுக்கு ஏற்பவே கப்பல்கள் கட்டப்படுவதால் அவை சுமார் 80 மீட்டர் நீளத்துக்குள் அடங்குகின்றன. இரவில் பயணம் கிடையாது. ஏதேனும் ஒரு துறையில் கட்டிப்போடுகிறார்கள்.

மூன்றாவது தூணான சட்டத்தின் கதை அரசியல் சார்ந்தது. 1703-ஆம் ஆண்டு இங்கிலாந்துக்கும் போர்ச்சுக்கலுக்கும் இடையே ஏற்பட்ட மெத்துவன் உடன்படிக்கை, பிரெஞ்சு ஒயினைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவான வரியில் போர்ச்சுக்கல் ஒயினை இங்கிலாந்துக்குள் அனுமதித்தது. தேவை பெருகியது. கூடவே கலப்படமும் பெருகியது. நிறத்துக்காக எல்டர் என்னும் செடியின் கனிச்சாற்றைக் கலந்தார்கள். தரம் கெட்டு, விலை சரிந்து, உழவர்கள் நலிந்தனர்.

அப்போது நாட்டின் ஆட்சிப் பொறுப்பைத் தன் கையில் வைத்திருந்த பொம்பால் பிரபு, 1756-இல் ஓர் அரசு ஆதரவு வணிக நிறுவனத்தைத் தோற்றுவித்தார். எந்த நிலத்துத் திராட்சையிலிருந்து ஏற்றுமதிக்கான ஒயின் தயாரிக்கலாம் என்பதை வரையறுத்து, எல்லையெங்கும் 300-க்கும் மேற்பட்ட கருங்கல் தூண்களை நடச் செய்தார். எல்டர் செடிகளைப் பிடுங்கி எறிய ஆணையிட்டார். உலகின் மிகப் பழைய ஒழுங்குபடுத்தப்பட்ட ஒயின் மண்டலங்களுள் ஒன்றாக டூரோ போற்றப்படுவது இதனால்தான். ஆனால், அந்த ஒழுங்குக்கும் ஒரு விலை இருந்தது. போர்ட்டோ நகரச் சாராயக் கடைகளின் வணிகத்தையும் அந்நிறுவனமே கைப்பற்றியதால் 1757 பிப்ரவரியில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி கடுமையாக ஒடுக்கப்பட்டது. பலர் தூக்கிலிடப்பட்டனர்.

அன்று தொடங்கிய கட்டுப்பாடு வேறு வடிவில் இன்றும் தொடர்கிறது. போர்ட் ஒயின் என்பது, நொதித்துக்கொண்டிருக்கும் திராட்சைச் சாற்றில் திராட்சையிலிருந்தே வடித்த சாராயத்தைச் சேர்த்து, நொதித்தலைப் பாதியில் நிறுத்தித் தயாரிக்கப்படுவது. அதனால் சாற்றின் இனிப்பு எஞ்சுகிறது. ஏறத்தாழ நான்கு பங்கு சாற்றுக்கு ஒரு பங்கு சாராயம் என்பது மரபான அளவு. மண்டலத்தில் விளையும் திராட்சை முழுவதையும் இவ்வாறு போர்ட் ஒயினாக மாற்ற அனுமதி இல்லை. இருப்பிடம், உயரம், சரிவு, மண், கொடியின் வயது முதலியவற்றுக்கு மதிப்பெண் இட்டு, ஒவ்வொரு நிலத்துண்டும் தரம் பிரிக்கப்பட்டுள்ளது. ஆண்டுதோறும் மொத்தம் எவ்வளவு சாற்றைப் போர்ட் ஒயினாக்கலாம் என்று வணிகர்களும் உழவர்களும் இடம்பெறும் குழு முடிவு செய்கிறது. அந்த அளவு, தரத்துக்கேற்ப நிலங்களுக்குப் பங்கிடப்படுகிறது. இந்த உரிமைக்கு 'பெனிஃபீசியோ' என்று பெயர். உரிமை பெற்ற திராட்சைக்கு நல்ல விலை. உரிமை இல்லாத திராட்சை சாதாரண ஒயினுக்கே போகும். அதன் விலை மிகக் குறைவு.

இந்த அளவை அவர்கள் லிட்டரில் சொல்வதில்லை. 'பீப்பா' என்ற அலகில் சொல்கிறார்கள். ஒரு பீப்பா 550 லிட்டர். நாம் அன்றாடம் வழங்கும் 'பீப்பாய்' என்னும் சொல், ஜன்னலையும் சாவியையும் அலமாரியையும் போலவே, போர்ச்சுக்கீசியரிடமிருந்து தமிழுக்கு வந்தது. வழிகாட்டி அந்தச் சொல்லை உச்சரித்தபோது, நெடுந்தொலைவில் நம் வீட்டுச் சொல் ஒன்றைக் கேட்ட மகிழ்ச்சி எனக்கு ஏற்பட்டது. அதையடுத்து அவர் சொன்ன எண்கள் அந்த மகிழ்ச்சியை நிலைக்க விடவில்லை.

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு லட்சம் பீப்பாய்களுக்கு மேல் இருந்த ஆண்டு அனுமதி, 2024-இல் 90,000 ஆகவும் 2025-இல் 75,000 ஆகவும் குறைக்கப்பட்டது. உலகெங்கும் மது அருந்தும் பழக்கம் குறைகிறது. இனிப்பும் வீரியமும் மிகுந்த போர்ட் ஒயினை இளைய தலைமுறை நாடுவதில்லை. கிடங்குகளில் சரக்கு தேங்குகிறது. வணிக நிறுவனங்களைப் பொறுத்தவரை இது இருப்பைச் சரிசெய்யும் கணக்கு. மிகப் பலர் இரண்டு ஹெக்டேருக்கும் குறைவாகவே நிலம் வைத்திருக்கும் சிறு உழவர்களைப் பொறுத்தவரையோ இது வருமானத்தையே வெட்டும் கத்தி. திராட்சையை வாங்க ஆளின்றி அண்மை ஆண்டுகளில் அவர்கள் தெருவில் இறங்கிப் போராடினர். போர்ட் ஒயினில் சேர்க்கும் சாராயத்தின் பெரும்பகுதி மண்டலத்துக்கு வெளியிலிருந்து வாங்கப்படுகிறது என்பது அவர்களின் நெடுநாள் குறை. எஞ்சிய எங்கள் திராட்சையையே சாராயமாக வடித்துச் சேர்த்தால் என்ன என்பது அவர்களின் கேள்வி. அந்தக் கேள்வியில் நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. உள்ளூர்ச் சாராயம் விலை கூடுதலாக இருக்கும் என்ற வணிகர்களின் மறுமொழியையும் ஒதுக்கிவிட முடியாது. ஆனால், அந்தக் கூடுதல் விலையைத் தவிர்ப்பதால் மிச்சமாகும் பணம் யாருக்குச் சேர்கிறது என்பதையும் சேர்த்தே பேச வேண்டும்.

உழவர் நலிந்தால் இம்மலைக்கு என்ன நேரும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. அதற்கான சான்று மலையிலேயே இருக்கிறது. 1860-களில் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த பிலாக்ஸெரா என்னும் பூச்சி, டூரோவின் கொடிகளை வேரோடு அழித்தது. அமெரிக்கக் கொடியின் வேர்ப்பகுதியில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டும் முறை பின்னர் மண்டலத்தை மீட்டது. ஆனால், எல்லோராலும் மறுபடி நட முடியவில்லை. அன்று கைவிடப்பட்ட படிகள் இன்றும் புதர் மண்டிக் கிடக்கின்றன. அவற்றை அவ்வூரார் 'மோர்டோரியோ' என்கிறார்கள். செத்த நிலம் என்பதாகப் பொருள் கொள்ளலாம். கப்பலிலிருந்து பார்த்தால், பராமரிக்கப்படும் பச்சைப் படிகளுக்கு நடுவே அவை சாம்பல் நிறத் திட்டுகளாகத் தெரியும். சாந்து இல்லாத சுவரில் ஒரு கல் சரிந்தால் உடனே எடுத்து வைக்க வேண்டும். வைக்காவிட்டால் அடுத்த மழையில் பத்துக் கற்கள் சரியும். அதற்கடுத்த மழையில் மண்ணே இறங்கிவிடும். கப்பல் நின்ற ஓரிடத்தில் சுவரைச் சரிசெய்துகொண்டிருந்த முதியவர் ஒருவரைக் கண்டேன். இந்த வேலை தெரிந்தவர்கள் தன் ஊரில் விரல்விட்டு எண்ணும் அளவே இருப்பதாகவும், இளைஞர்கள் நகரங்களுக்குப் போய்விட்டதாகவும் அவர் வழிகாட்டியின் மூலம் சொன்னார்.

இந்நிலப்பரப்பை யுனெஸ்கோ 2001-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கோட்டையையோ கோயிலையோ அறிவிப்பது போன்றதன்று இது. இன்றும் மக்கள் உழுது வாழும், தொடர்ந்து மாறிவரும் பண்பாட்டு நிலம் என்ற வகையில் இந்தச் சிறப்பு வழங்கப்பட்டது. கல்லால் கட்டிய கோட்டையைக் காவலர் இருவரை வைத்துக் காக்கலாம். உழவு நிலத்தை உழவர் இல்லாமல் காக்க முடியாது.

டூரோவில் படகேறும் பயணிகளின் எண்ணிக்கை அண்மை ஆண்டுகளில் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. இவர்களில் பெரும்பாலோர் போர்ட்டோவின் பாலங்களைச் சுற்றிக் காட்டும் குறுகிய நேரப் படகுகளில் செல்பவர்கள். எஞ்சியோர் மலைநாட்டுக்குள் வருகிறார்கள். ஆனால், என் பயணத்தில் நான் கண்டது இது: உறக்கமும் உணவும் கப்பலுக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. துறையில் இறங்கினால் பேருந்து காத்திருக்கிறது. அது நேரே ஒரு பெரிய தோட்ட மாளிகைக்கு அழைத்துச் செல்கிறது. திரும்பி வந்ததும் கப்பல் புறப்படுகிறது. நாங்கள் கடந்து சென்ற பல ஊர்களில் ஒரு கோப்பைக் காப்பிகூட வாங்கவில்லை. ஒயினிலும் இதே கதைதான். மலையில் விளைந்ததைக் கடலோரத்து விலா நோவா டி காயா நகரின் கிடங்குகளுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மட்டுமே ஏற்றுமதி செய்ய வேண்டும் என்ற விதி 1986 வரை இருந்தது. அதனால் செல்வமும் பெயரும் அங்கேயே குவிந்தன. அன்று பீப்பாய்கள் மலையைக் கடந்து போனது போலவே இன்று பயணிகளும் கடந்து போகிறார்கள்.

இந்நிலை மாறவே மாறாது என்று நான் கருதவில்லை. டூரோவில் வந்து சேரும் கோஆ என்னும் கிளை நதியே அதற்குச் சான்று. அங்கே ஓர் அணை கட்டும் பணி நடந்தபோது, இருபதாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பாறைச் செதுக்கோவியங்கள் இருப்பது 1994-இல் வெளியுலகுக்குத் தெரியவந்தது. செதுக்கோவியங்களுக்கு நீந்தத் தெரியாது என்ற முழக்கத்தோடு பள்ளி மாணவர்களும் போராட்டத்தில் இறங்கினர். பெரும் பணம் செலவான பின்னரும் அரசு அந்த அணையைக் கைவிட்டது. 1998-இல் அவ்விடம் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. ஒரு சமூகம் எதைக் காக்க வேண்டும் என்று உறுதியாக முடிவெடுத்தால் அரசின் கணக்கையும் மாற்ற முடியும் என்பதை அது காட்டுகிறது.

அந்த உறுதி இப்போது கற்சுவர்களுக்கும் தேவை. பயணக் கப்பல்களின் வருவாயில் ஒரு பங்கு, சுவர் பராமரிக்கும் சிறு உழவரின் கைக்கு நேரடியாகச் செல்ல வேண்டும். சுவர் கட்டும் கலையைக் கற்றுத் தருவதும், கற்றவருக்கு நிலையான ஊதியம் தருவதும் அரசின் கடமையாக வேண்டும். 1988-இல் மூடப்பட்ட பொசீன்யோ–பார்கா டால்வா இரயில் பாதையைத் திறந்தால், பயணிகள் ஊர்களில் இறங்கித் தங்க வழி ஏற்படும். உள்ளூர் இளைஞருக்கும் வெளியே போய்த் திரும்பிவர ஒரு வழி இருக்கும். இவை கருணைச் செயல்கள் அல்ல. கப்பல் நிறுவனங்கள் விற்பது கட்டிலையும் உணவையும் மட்டுமன்று. அந்த மலைக் காட்சியையும் சேர்த்தே விற்கின்றன. அந்தக் காட்சியை ஒவ்வோர் ஆண்டும் உற்பத்தி செய்பவருக்கு உரிய கூலியைத்தான் கேட்கிறோம்.

நம்மில் பலருக்கும் இன்று வெளிநாட்டுப் பயணம் எட்டும் தொலைவில் இருக்கிறது. டூரோவுக்குச் செல்பவர்கள் மேல்தளத்திலிருந்து படமெடுப்பதோடு நின்றுவிடாமல், ஏதேனும் ஒரு துறையில் பேருந்தைத் தவிர்த்து ஊருக்குள் நடக்கலாம். அங்கே விளைந்ததை அங்கேயே வாங்கலாம். பச்சைப் படிகளுக்கு நடுவே தெரியும் சாம்பல் நிறத் திட்டுகளையும் ஒரு கணம் நின்று பார்க்கலாம். உழவரைக் கைவிட்டால் மீதி மலையும் அந்நிறத்துக்கே திரும்பும். அதன்பின் நதி எவ்வளவு அமைதியாக இருந்தாலும் அங்கே பார்க்க ஒன்றும் இருக்காது.